ஆட்சேபிப்பவரின் பெயர், முகவரி

கண்ணாமுனையில் அறுபத்தொரு வீடு. அறுபத்தொரு வீட்டுக்கும் அந்த மின்நிலையம் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்வது இன்னார்தான் என்று ஒரு வீடாவது சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் ஆள் இல்லை. ஊரை ஏச விரும்புகிறவர்கள் தாராளமாக ஏசலாம். ஆனால் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மட்டக்களப்பில் இருந்திராதவன் தயவுசெய்து வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டும்.

சமாதானம் என்று பேர். ஒப்பந்தம் எழுதி இரண்டரை வருசம் ஆகியிருந்தது. பங்குனியில் இயக்கம் இரண்டாகப் பிரிந்த பிறகு யார் யாருடைய ஆள் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. காலையில் தேத்தண்ணிக் கடையில் கதைத்துக்கொண்டிருந்தவன் பின்னேரம் மதகடியில் கிடந்தான். பேப்பரில் 'இனந்தெரியாதோர்' என்று போட்டார்கள். கண்டவர்கள் இருந்தார்கள், ஆனால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கொம்பனி வந்து, ஆற்றங்கரையில் எண்ணெயில் ஓடுகிற மின்நிலையம் கட்டப்போகிறேன் என்றது. ஆறு என்றால் வாவிதான். இங்கே எல்லாருக்கும் அது ஆறு. கொம்பனி பிடித்த இடம் முனை. ஒரு காலம் கரை முழுக்க, அலையாத்தி என்பார்களே, அந்தக் கண்ணா மரம் அடர்ந்து நின்ற ஊர் அது. ஆமிக் காவலரணுக்குக் கண்ணை மறைக்கிறது என்று சொல்லி, ஊர்க்காரரைப் பிடித்து, ஊர்க் கத்தியாலேயே வெட்டுவித்தார்கள். தப்பியது முனையில் நின்ற காடு மட்டும். தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற அந்த வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சு வளரும்.

அந்த இறாலை நம்பி இருந்தவள் கண்ணகை. முழங்கால் தண்ணீரில் அத்தாங்கு வலையைத் தள்ளித் தள்ளியே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாள், இளையவள் களுவாஞ்சிக்குடியில் படித்துக்கொண்டிருந்தாள். புருசன் தங்கராசாவைத் தொண்ணூறாம் ஆண்டு பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். கண்ணகை செத்த வீடும் செய்யவில்லை, நெற்றிப் பொட்டையும் அழிக்கவில்லை. தோணி வாங்க வழியில்லை, கடலுக்குப் போக ஆண் இல்லை. முனை போனால் கண்ணகையின் அடுப்பும் போகும், அவ்வளவுதான்.

கதிர்காமத்தம்பி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மீனவர் சங்கத்துச் செயலாளர். முத்து முத்தான கையெழுத்து. ஊரில் பிறப்புப் பதிவிலிருந்து காணாமல்போனவர் முறைப்பாடு வரைக்கும் அவர் கையால் எழுதினதுதான். வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வதும் அவர்தான்.

கொம்பனி கொடுத்த அறிக்கை முந்நூற்றுச் சொச்சம் பக்கம். பட்டணத்து அரசாங்கக் கந்தோரில் ஒரு மேசையில் முப்பது நாள் வைத்திருந்தார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். கதிர்காமத்தம்பி மூன்று நாள் பஸ் ஏறிப் போய் இருந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். தமிழ்தான், ஆனால் எவனோ கொழும்பில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்த தமிழ். நூற்றுநாற்பதாம் பக்கத்தில் முனைக் கண்ணாவை 'பொருளாதாரப் பெறுமதியற்ற பற்றை' என்று போட்டிருந்தது. அட பாவிகளா! இயந்திரத்தைக் குளிரவைக்க ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி, சூட்டோடு திரும்ப ஆற்றுக்குள்ளேயே விடுவார்களாம். விடுகிற வாய் சரியாக முனையின் தெற்குப் பக்கம்.

"இனி இறால அவிக்கிறதுக்கு அடுப்புத் தேவையில்ல," என்று பக்கத்தில் நின்ற பியோனிடம் சொன்னார். பியோன் சிரித்தான். கதிர்காமத்தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஊரே ஒரே குரலில் நின்றது. "எழுதுங்க செயலாளர், நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க!" எழுதினார். உறைத்தது. மனுவின் கடைசி வரியில் 'ஆட்சேபிப்பவரின் பெயர், முகவரி' என்று இருந்தது. அதை வாசித்ததும் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தனக்குப் பிரசர் என்றார். ஒருவருடைய மகன் கத்தாருக்குப் போக பொலிஸ் ரிப்போட்டுக்குக் கொடுத்திருந்தான். "கொம்பனிக்குப் பின்னால ஆரு நிக்கிறான் எண்டு தெரியாம நாம பேரக் குடுக்கிறதா? அவன் இவனுக்குக் கப்பம் கட்டுறானாம், மற்றவனுக்கும் கட்டுறானாம்," என்றார் இன்னொருவர். செயலாளரே தன் பேரைப் போடட்டும் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கதிர்காமத்தம்பி தரையைப் பார்த்தார். ஒருத்தரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில் ஒருவர் வழி சொன்னார். "பேர் இல்லாமலே அனுப்புவம். வீட்டுக்கு ஒண்டு. அறுபத்தொரு கடதாசி போனா எடுக்காம விடுவானா?"

மொட்டைக் கடதாசி! இந்தப் பக்கத்துக்குப் பழகின சாமான். எல்லைச் சண்டையா, கல்யாணம் குழம்பினதா, பொறாமையா, முகாமுக்கு ஒரு மொட்டைக் கடதாசி போனால் போதும், ஆள் இருக்காது. அத்தனை பாவத்துக்கும் பயன்பட்ட கடதாசியை ஊர் இப்போது இறாலுக்காக எழுதியது. எழுதியது என்ன, எழுதினது முழுக்கக் கதிர்காமத்தம்பிதான். ஐந்து நாள் குந்தியிருந்து, சரித்து எழுதினார், நிமிர்த்தி எழுதினார், இடக்கையால் எழுதினார், பச்சை மையால் எழுதினார். அறுபத்தொரு பேரின் கையெழுத்தை ஒரு மனிசன் எங்கிருந்து கொண்டுவருவது?

முப்பதாம் நாள் கடதாசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போனார். அங்கே பதிவுக்காரனாக இருந்த அழகரத்தினம் நல்ல பொடியன். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தள்ளினான்.

"அண்ணன், இதெல்லாம் மொட்டைக் கடதாசி. செல்லாது."

"அறுபத்தொண்டு இரிக்கி தம்பி."

"அறுநூறு இரிந்தாலும் செல்லாது. பேரும் விலாசமும் போட்டது ஒண்டு தாங்க. ஒண்டே ஒண்டு போதும். அது இரிந்தா விசாரணை வச்சுத்தான் ஆகணும். அந்த விசாரணையில எழுதிக் குடுத்தவர் எழும்பிக் கொம்பனிக்காரனக் கேள்வி கேட்கலாம். இல்லாட்டி நாலு மணிக்கு நான் 'ஆட்சேபணை எதுவும் இல்லை' எண்டு எழுதி அனுப்பிருவன். சங்கத்துச் செயலாளர் நீங்கதானே, உங்கட பேரப் போடுங்கவன்."

மணி மூன்றே முக்கால். கதிர்காமத்தம்பி பேனையை எடுத்தார். கை ஓடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டும் இதே கைதான். ஊர் இடம்பெயர்ந்து கோயிலடியில் கிடந்தபோது, நிவாரணம் வரப்போகுது, குடும்பத் தலைவர்களின் பேர் வேண்டும் என்றார்கள். அம்மன் கோயில் வாசலில் மேசை போட்டுக் கதிர்காமத்தம்பி எழுதினார். ஆள் ஆளாக வந்து கையெழுத்து வைத்தார்கள். தங்கராசா பெருவிரலில் மையைப் பூசிக்கொண்டு, "என்ட பேர வடிவா எழுது மச்சான், பருப்புக் கூடத் தருவானுகள்," என்று பகிடி விட்டார். தன் பேரைக் கடைசியில் எழுதலாம் என்று கதிர்காமத்தம்பி விட்டிருந்தார். பத்தொன்பதாவது பேரோடு கடதாசி முடிந்துபோனது. சரி, நாளைக்கு ஒரு தாள் வாங்கி எழுதுவம் என்று நினைத்தார்.

அடுத்த கிழமை சுற்றிவளைத்தார்கள். அந்தத் தாள் எப்படி முகாமுக்குப் போனது என்று இன்றுவரைக்கும் தெரியாது. அதே தாள், அதே வரிசை, அதே முத்து முத்தான எழுத்து. பேர் கூப்பிடக் கூப்பிட, சாமான் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். பத்தொன்பது பேர். தங்கராசா ஒரு உரப்பையையும் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

"அண்ணன், நேரம் போகுது," என்றான் அழகரத்தினம்.

அப்போதுதான் கதிர்காமத்தம்பிக்கு அந்த எண்ணம் வந்தது. யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாத ஒரு பேர் ஊரில் இருக்கிறதே! ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போன பேர். இனி அதை யார் என்ன செய்ய? கட்டின் மேலே கிடந்த கடதாசியின் அடியில் விறுவிறென்று எழுதினார். இளையதம்பி தங்கராசா, முனை வீதி, கண்ணாமுனை. கீழே ஒரு கையெழுத்தையும் கிறுக்கினார். அழகரத்தினம் பக்கத்து ஊர்க்காரன் இல்லை, அவனுக்கு என்ன தெரியும்? செயலாளரின் பேர் அதுதான் என்று நினைத்து முத்திரையைக் குத்தினான். கதிர்காமத்தம்பி வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்தார். ஊரைக் காப்பாற்றிய சந்தோசத்தில் இன்னொன்றும் குடித்தார்.

பதினேழாம் நாள் பதிவுத் தபால் வந்தது. எங்கே வரும்? முனை வீதிக்குத்தான் வரும். கண்ணகை ஈரப் பாவாடையோடு ஓடிவந்து அண்ணன் வீட்டுப் படலையைத் தள்ளினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். உறையில் இருந்த பேரைக் கூட்டி வாசித்துவிட்டாள்.

"அண்ணே, அவர்ர பேருக்குக் கவுமேந்துக் கடதாசி. வாசி அண்ணே, கெதியா வாசி!"

வாசித்தார். 'ஐயா, தாங்கள் கையொப்பமிட்டு நேரில் கையளித்த ஆட்சேபணை கிடைக்கப்பெற்றது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி நடைபெறும் விசாரணைக்குச் சமூகமளிக்கவும்.'

"நேரில எண்டா?" அவள் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "நேரில எண்டா ஆளே போயிரிக்கிறாரா அண்ணே?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ஐயோ, அந்த ஒரு வசனத்தை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தார். பதினாலு வருசத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை. "அப்படித்தான் போட்டிரிக்கி," என்றார்.

கண்ணகை கடிதத்தை வாங்கி, ஈரம் படாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் வீட்டில் சாணம் தெளித்து மெழுகினாள், இறாலும் முருங்கைக்காயும் போட்டு ஆணம் காய்ச்சினாள் என்று இளைய மகள் வந்து சொன்னது. பிறகு அவள் அதைப் பற்றி ஊரில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று நாள் கழித்து அவரிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விசாரணைக்கு நீயும் வருவாய்தானே அண்ணே?"

"வருவன்."

"கட்டாயம் வா."

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கொம்பனிக்காரன் ஜெனரேட்டர் கொண்டுவந்து மின்விசிறி சுழலவிட்டான், குளிர்பானம் கொடுத்தான். கண்ணகை மூத்தவளின் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையோடு முன்வரிசையில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். கதிர்காமத்தம்பி அதைக் கண்டதும் நாலு வரிசை பின்னால் போய் இருந்துகொண்டார். வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஊருக்குப் பழக்கமில்லாத ஒருவன் நின்றான். கையில் சின்னக் கொப்பி. யார் வாய் திறந்தாலும் நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னமோ எழுதிக்கொண்டான்.

முதலில் கனகசிங்கம் எழும்பினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பள்ளிக்கூட அதிபர். தோணியில் வந்த ஈரம் சாரத்தில் காயவில்லை.

"கம்பி அறுந்து பதினாலு வருசம். எங்கட பிள்ளையள் குப்பி விளக்குலதான் சோதினைக்குப் படிக்குதுகள். பாம்பு கடிச்சா மருந்து வைக்க ஒரு குளிர்ப்பெட்டி இல்ல. போன மாரியில என்ட பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்டு ஆத்து நடுவில தோணிக்குள்ளேயே போயிட்டு. உங்களுக்கு இறால் சாகும் எண்டு கவலை. எங்கட பக்கம் ஆக்கள் செத்தா அது கணக்கில்லையா? எங்களுக்குக் கரண்டு வேணும் ஐயா. கண்ணா வேணுமெண்டா பிறகு நடலாம்."

அடுத்து மர்சூக் எழும்பினார். காத்தான்குடியில் ஐஸ் போடுகிறவர், இந்தக் கரையின் இறாலை எல்லாம் வாங்குகிறவரும் அவர்தான்.

"எனக்குக் கரண்டும் வேணும், இறாலும் வேணும். கரண்டு இல்லாட்டி இறால் நாறும். இறால் இல்லாட்டி அந்த ஐஸ வச்சு நான் என்ன செய்யிற, உம்மாட தலையிலயா வைக்கிற? ரெண்டையும் தாங்க, அல்லாஹ்வுக்காகச் சண்டை பிடிக்காதீங்க." சனம் சிரித்தது. கொம்பனிக்காரனும் சிரித்தான்.

கனகசிங்கத்துக்குச் சொல்ல கதிர்காமத்தம்பியிடம் பதில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம். முனையிலிருந்து புறப்படுகிற கம்பி இந்தப் பக்கத்து எழுவான்கரை ஓரமாகவே போய் தெற்கே பெரிய லைனில் சேருகிறது. படுவான்கரைக்கு ஒரு தூண் கூட இல்லை! வெளிச்சம் எங்கேயோ போக, சுடுதண்ணீர் மட்டும் ஆற்றுக்கு. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் கொம்பனியைக் கேள்வி கேட்க ஆட்சேபணை கொடுத்தவருக்கு மட்டும்தான் உரிமை.

விசாரணைத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எழுத்து மூலம் கிடைத்த ஆட்சேபணை ஒன்றே ஒன்று. இளையதம்பி தங்கராசா, முன்னுக்கு வாங்க."

ஊர்ச்சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. தலைவர் மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது கண்ணகை எழும்பினாள்.

"நான் தங்கராசாட பெண்சாதி. என்ட பேர் கண்ணகை. கண்ணாமுனை, முனை வீதி." அந்த மண்டபத்தில் பேரும் விலாசமும் தானாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். வாசலில் நின்றவன் கொப்பியில் எழுதினான்.

"உங்கட புருசன் எங்க அம்மா?"

"எழுதிக் குடுத்தவர் இஞ்சதான் இரிக்கிறார். எழும்புவார், கொஞ்சம் பொறுங்க."

சனத்துக்குள் ஒரு பெண் "ஐயோ பாவமே" என்று வாயைப் பொத்தினாள். கண்ணகை திரும்பவில்லை. தலைவரைப் பார்த்தபடியே நின்றாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதிர்காமத்தம்பி முழங்கால் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டார். எழும்பு எழும்பு என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. எழும்பினால் இவளுடைய நம்பிக்கை செத்துப்போகும், அதை நான் எப்படிக் கொல்லுவேன் என்று தனக்குத் தானே சொன்னார். அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் கண் போனது வாசலில் நின்ற கொப்பிக்கு.

"ஆட்சேபிப்பவர் சமூகமளிக்கவில்லை," என்று தலைவர் எழுதச் சொன்னார். கண்ணகை பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

கார்த்திகையில் மெசின் வாள் வந்தது. மூன்றே நாளில் முனை வெறும் சேறாகக் கிடந்தது. அப்படியானால் கரண்டு வந்ததா என்று கேட்பீர்கள். எங்கே வந்தது! தறித்து முடித்து, அத்திவாரத்துக்கு நாலு கிடங்கு தோண்டி, ஒரு தகரக் கொட்டிலும் போட்டார்கள். பிறகு மார்கழியில் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது, அதற்குப் பிறகு சண்டை வந்தது, கொம்பனி போன திசை தெரியாது. கனகசிங்கத்தின் பிள்ளைகள் அதே குப்பி விளக்கில் படித்தார்கள். மரமும் இல்லை, இறாலும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

அது பிறகு. மூன்றாம் நாள் வாள் ஓய்ந்த பின்னேரம் கதிர்காமத்தம்பி முனைக்குப் போனார். கண்ணகை சேற்றுக்குள் நின்று தறித்த கண்ணாக் கொப்புகளைப் பொறுக்கி விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தாங்கு கரையில் காய்ந்து கிடந்தது. அவர் கிட்டப் போய் நின்றார்.

"கண்ணகை, அந்தக் கடதாசி... மச்சான் எழுதினதில்ல. நான்தான் எழுதினன்."

"தெரியும்," என்றாள். கட்டு முடிச்சை இழுத்து இறுக்கினாள். "ஒரு நாள் நம்பினன். ஒரே ஒரு நாள். மறுநாள் விடியத்தான் நினைவு வந்தது, அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாதே. கைநாட்டுத்தானே. உனக்கு அது தெரியாதா அண்ணே?"

தங்கராசாவின் மை பூசிய பெருவிரல் கதிர்காமத்தம்பியின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அப்ப ஏன்... விசாரணையில எழும்பி..."

"உனக்குத்தான் இடம் பிடிச்சு வச்சன். பையை எடுத்துட்டு வந்து இரிப்பாய் எண்டு பார்த்தன். நாலு வரிசைக்குப் பின்னால போய் இரிந்தாய். சரி, கூப்பிட்டா எழும்புவாய் எண்டு பார்த்தன்." விறகுக் கட்டைத் தலைக்குத் தூக்கினாள். பாரத்தில் கழுத்து ஒருமுறை ஆடி நிலைத்தது. "தொண்ணூறில நீ வேணுமெண்டு செஞ்சதில்ல. அதுக்கு நான் ஒரு நாளும் உன்ன ஒரு சொல் கேட்டதில்ல. ஆனா அண்ணே, அவர்ர பேர நீ ரெண்டுதரம் எழுதினாய். ரெண்டுதரமும் தப்பினது உன்ட பேர்தான்."

சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தாலேயே நடந்து கரைக்கு ஏறினாள். நெற்றியில் பொட்டு இல்லை என்பதை அவர் அப்போதுதான் கண்டார்.